நடுவில் நிற்கும் சுரம்

மோட்டார் நிற்கட்டும். நின்ற பிறகு போடலாம். இரண்டே முக்காலுக்கு வாட்ச்மேன் சுவிட்சைப் போட்டார், மேல் தொட்டி நிறைய இருபத்தைந்து நிமிஷம், ஆக மூன்று பத்து. அதுவரை இந்த அடுக்குமாடிக் கட்டிடம் முழுக்க ஒரே சுரத்தில் முனகிக்கொண்டிருக்கும். மேஜைமேல் டேப் ரிக்கார்டர் இருக்கிறது, அதற்குள் கேசட் இருக்கிறது, இரண்டு தடவை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டேன், மூன்றாவது தடவை எடுக்கக் கூடாது. எடுத்து என்ன ஆகப்போகிறது. நாடா முழுவதும் இடது சக்கரத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதில் ஒரு பாட்டு, நாலு நிமிஷம், அந்த நாலு நிமிஷத்தில் எங்கோ சலோமி பாடுகிறாள். என் மனைவி. பத்துப் பேர் சேர்ந்து பாடுகிற பாட்டில் ஒருத்தி. அதில் எது அவள் குரல் என்று எனக்குத் தெரியாது. இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். முப்பத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவள். அவள் தும்மினால் தெரியும், அடுத்த தெருவில் மீன்காரியிடம் பேரம் பேசினால் தெரியும், கதவைச் சாத்துகிற சத்தத்திலேயே கோபமா இல்லையா என்று தெரியும். மற்றவர்களோடு சேர்ந்து பாடும்போது அவள் எங்கே இருந்தாள் என்பது மட்டும் தெரியாது. அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. இந்த நாலு நிமிஷத்தைத் தவிர அவள் பாடினது வேறெதிலும் இல்லை. இதுவும் நிறைய நாள் தாங்காது. ஒவ்வொரு தடவை ஓடும்போதும் நாடா கொஞ்சம் பழுப்புத் தூளை, தன்னைப் படிக்கிற ஹெட்டில் விட்டுவிட்டுப் போகிறது, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தால் பஞ்சு பழுப்பாகிறது. நான் தொலைபேசி நிலையத்தில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவன், எனக்குத் தெரியும், அந்தத் தூளில்தான் சத்தம் இருக்கிறது. துடைத்த பஞ்சைக் குப்பையில் போட மனம் வரவில்லை. சோதனைக்காகப் போன வாரம் வேறொரு கேசட்டைப் போட்டேன், ஒரு பிரசங்கம், கால்வாசி ஓடியதும் மெஷின் அதைச் சுருட்டி விழுங்கிவிட்டது. அதற்குப் பிறகு ரப்பர் பெல்ட்டை இன்னொரு தடவை மாற்றினேன். இன்று விழுங்காது. விழுங்காது என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் ஊரில் கீர்த்தனைதான் பாடுவோம். சின்ன ஊர், ஓலைக்கூரையைப் பிரித்துவிட்டு ஓடு போட்ட ஆலயம், ஒரு ஆர்மோனியம், ஒரு ஜால்ரா, ஆராதனை நடத்துகிற உபதேசியார் ஒரு வரி பாட நாங்கள் எல்லோரும் அதே வரியை அதே சுரத்தில் திருப்பிப் பாடுவோம், தொடையில் தாளம் போட்டபடி. ஆண் பெண் குழந்தை எல்லோருக்கும் ஒரே பாட்டு. பாட்டு என்றால் அது ஒன்றுதானே இருக்க முடியும். கல்யாணமாகி டவுனுக்கு வந்த பிறகுதான் சலோமியின் சர்ச்சில் பாடகர் குழு என்று ஒன்று இருப்பதையும், அவர்கள் ஒரே பாட்டை நாலு விதமாகப் பிரித்துக்கொண்டு ஒரே நேரத்தில் பாடுவார்கள் என்பதையும் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் சொல்ல முடியும், கேட்டேன் என்று சொல்ல முடியாது. எனக்குக் கேட்டது மேலே போகிற குரல் ஒன்றுதான். அது ரோசலின் அக்காவின் குரல், எவர்சில்வர் டம்ளரைத் தட்டியதுபோல் இருக்கும். சலோமி பாடியது அதற்குக் கீழே, ஆல்டோ என்று சொல்வார்கள், பெண் குரல்களில் தாழ்ந்தது. வீட்டில் அரிசி களைந்துகொண்டே தன் பங்கை மட்டும் தனியாக முனகிப் பழகுவாள். கேட்டால் பாட்டு மாதிரியே இருக்காது. ஒரே இடத்தில் நிற்கும், ஒரு படி கீழே இறங்கும், மறுபடி வந்து அங்கேயே நிற்கும். "என்னட்டி இது, காதுல கொசு பறக்க மாதிரி," என்றேன் ஒருநாள். "கொசுதான்," என்றாள், அரிசியிலிருந்து தலையைத் தூக்காமல். "இந்தக் கொசு இல்லன்னா உங்க ரோசலின் அக்கா அந்தரத்துல தொங்குவா, பாத்துக்கிடுங்க." எனக்கு அது பதிலாகவே தோன்றவில்லை. தனக்குக் கிடைத்த மட்டமான பங்கை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எண்பத்தொன்பதாம் வருஷம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய கேரல் ஆராதனை. ஒரு மாதம் முன்னால்தான் இந்த டேப் ரிக்கார்டரை வாங்கியிருந்தேன், பேட்டரியிலும் ஓடும். சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பம், நாங்கள் போனபோதே இடமில்லை, ஒரு தூணுக்குப் பின்னால் பெஞ்சின் ஓரத்தில் இடம் கிடைத்தது, மடியில் எங்கள் நாலு வயது மகள் ஹெப்சி, அவளுக்கும் எனக்கும் நடுவில் டேப் ரிக்கார்டர். பாடுகிறவர்கள் யாரும் தெரியவில்லை. தேவவரம் சார் கால் ஆர்கன் முன்னால் உட்கார்ந்து, மிதித்துக்கொண்டே தலையை ஆட்டிப் பாட்டை நடத்துவார், அவருடைய தலையும் தெரியவில்லை. ஒரு வெளிநாட்டுப் பாட்டுக்கு அவரே தமிழில் வார்த்தை போட்டிருந்தார். மூன்று சரணம், ஒவ்வொன்றும் மலைமேல் விடியல் என்று தொடங்கும். முடிந்ததும் வெளியே பந்தலின் கீழே காப்பியும் அச்சுமுறுக்கும் கொடுத்தார்கள். சலோமி வெள்ளைச் சேலையில் மற்றவர்களோடு நின்றிருந்தாள், நெற்றியெல்லாம் வேர்வை, டிசம்பரில் அப்படி ஒரு வேர்வை. நான் நேராகப் போய் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "சலோமி, இன்னைக்கு உன் குரல் கூரையத் தொட்டுட்டுல்லா," என்றேன்.  ரோசலின் அக்கா, "தம்பி, கூரையத் தொட்டது நான். உங்க வீட்டுக்காரி தரையிலதான் நின்னா," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். தேவவரம் சார் காப்பியைக் கொட்டிக்கொண்டார். சலோமிதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். அதற்குப் பிறகு பத்து வருஷம், ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச் வாசலில் செருப்பைக் கழற்றும்போது யாராவது ஒருவர், "கூரையத் தொட்டவரு வாராருவே, வழிவிடுங்க," என்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்தது தப்பில்லை. அதுவல்ல என்னை உறுத்துவது. அன்று வீட்டுக்குத் திரும்பும்போது, ஹெப்சி என் தோளில் தூங்கிவிட்டாள், சலோமி பக்கத்தில் நடந்து வந்தாள், முறுக்குப் பொட்டலம் கையில். "இன்னைக்குப் புஷ்பம் டீச்சர் வரல்ல. அம்மை போட்டுருக்காம்," என்றாள். "ஆல்டோவுக்கு நான் ஒருத்திதான்." சரி என்றேன். "மூச்சு விடக்கூட இடமில்ல தெரியுமா. ரெண்டு பேர்னா ஒருத்தி மூச்சு எடுக்கும்போது மத்தவ பிடிச்சுக்கிடுவா, வெளிய தெரியாது. இன்னைக்கு விட்டா விட்டதுதான். கடைசில ரெண்டு இடத்துல விட்டுட்டேன்." நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "பால் வாங்கணும்லா, கடை அடச்சிருப்பானோ?" என்றேன். அவள், "முக்குக் கடை இருக்கும்," என்றாள். அவ்வளவுதான். முக்குக் கடை திறந்துதான் இருந்தது. பாலை யார் வாங்கியது என்பது மறந்துபோயிற்று.

மோட்டார் சத்தம் சற்று மாறுகிறதா. இல்லை, ஃபிரிட்ஜ். ஃபிரிட்ஜை அணைத்துவிட வேண்டும். அணைத்துவிட்டேன். உள்ளே நேற்று வைத்த மீன் குழம்பு மட்டும்தான், அரைமணி நேரத்தில் ஒன்றும் ஆகிவிடாது. ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம், இதே நேரம் இருக்கும், அவள் கண்ணை மூடிக்கொண்டே, "அந்தக் கேசட்ல நான் இருக்கேன்லா," என்றாள். "இருக்க," என்றேன். "எங்க?" என்றாள். கண்ணைத் திறந்து பார்த்தாள், பழைய கேலியோடு, உதட்டின் ஒரு ஓரம் மட்டும் மேலே ஏறும், "எங்கன்னு சொல்லுங்க பாப்போம்." அந்த நேரத்தில் நர்ஸ் டிரிப்ஸ் மாற்ற வந்தாள். நான் எழுந்து வழிவிட்டேன். வழிவிட வேண்டிய அவசியமே இல்லை, நர்ஸ் அந்தப் பக்கம்தான் நின்றாள். நான் நர்ஸுக்கு நன்றி சொல்லிக்கொண்டே வெளியே போய் வராந்தாவில் நின்றேன். திரும்பி வந்தபோது தூங்கிவிட்டிருந்தாள். மறுபடி அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன், ரெண்டாம் சரணத்தில் என்று சொல்லியிருப்பேன், அவள் அதைப் பொய் என்று தெரிந்துகொண்டு சிரித்திருப்பாள்.

அதனால்தான் கேட்கக் கற்றுக்கொள்ளலாம் என்று தொடங்கினேன். அறுபத்தெட்டு வயதில். யாரிடம் போய்ச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்பது. ஹெப்சி பெங்களூரிலிருந்து வந்தபோது ஒரு ஹெட்போனைக் கொடுத்து, போனில் எப்படித் தேடுவது என்று காட்டிவிட்டுப் போனாள். "எதுக்குப்பா திடீர்னு?" என்றாள். "சும்மாதான், பொழுது போவணும்லா," என்றேன். முதலில் கேட்டது எண்பது பேர் சேர்ந்து வாசிக்கிற மேற்கத்திய இசை ஒன்று. கல்யாண மண்டபத்தில் பந்தி நேரத்தில் கதவைத் திறந்ததுபோல் இருந்தது, எல்லோரும் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள், யார் வீட்டுக் கல்யாணம் என்று தெரியவில்லை. விரல் தானாகத் தாளம் போட்டது. மூன்று மூன்றாக எண்ணினேன், சரியாக வந்தது, மகிழ்ச்சியாக இருந்தது, அப்போது பார்த்து அவர்கள் வேகத்தைக் குறைத்தார்கள். என் விரல் முன்னால் போய் தனியாக நின்றது. தாளம் நிற்காத ஆட்கள், இவர்களுக்கா உலகமே எழுந்து நின்று கை தட்டுகிறது என்று கோபம் வந்தது. பல வாரம் கழித்துத்தான் புரிந்தது, மாடிப்படி இறங்குகிறவன் கடைசிப் படியில் காலைத் தேடி வைப்பதுபோல் வேண்டுமென்றேதான் தாமதிக்கிறார்கள். அதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருந்தது. நான் கேட்டு வளர்ந்த பாட்டில் ஸா ஓரிடத்தில் இருக்கும். ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அமுக்கிவிட்டால் பாட்டு முடியும்வரை அது அங்கேயே இருக்கும், எங்கே சுற்றினாலும் அங்கே வந்து உட்காரலாம். இவர்களுடைய பாட்டில் ஸா நகர்கிறது. உட்காரப் போகும்போது நாற்காலியை யாரோ அடுத்த அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டதுபோல் இருக்கும். நிஜமாகவே எனக்கு ஒருநாள் தலை சுற்றியது, ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். ரத்த அழுத்தம் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

பிறகு என் வேலையை நினைத்துக்கொண்டேன். எக்ஸ்சேஞ்சில் ஒரு லைனில் இன்னொரு லைனின் பேச்சு கலந்து கேட்கும் என்று புகார் வரும். நாங்கள் காதில் ரிசீவரை வைத்து, உரத்த பேச்சை விட்டுவிட்டு, அடியில் இருக்கிற மெல்லிய பேச்சைப் பிடிப்போம், அதில் ஒரு பெயரோ ஊரோ கிடைத்தால் எந்த லைன் என்று கண்டுபிடித்துவிடலாம். உரத்ததை எதிர்த்துக்கொண்டு கேட்டால் கேட்காது. அது போகட்டும் என்று தளர்த்திவிட்டால் அடியில் இருப்பது தானாக மேலே வரும். அதையே இங்கேயும் செய்தால் என்ன. எண்பது பேரை விட்டுவிட்டேன், நாலு பேர் மட்டும் வாசிக்கிறவற்றைத் தேடினேன், இரண்டு வயலின், வயலினைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று, காலுக்கிடையில் வைத்து வாசிக்கிற பெரியது ஒன்று. மூன்று மாதம் பெரியதை மட்டும் கேட்டேன். அடியில் இருப்பதைப் பிடிப்பது சுலபம், அது கட்டிடத்தின் அஸ்திவாரம், காலில் தெரியும். பிறகு மேலே இருக்கிற முதல் வயலின், அதற்குப் பாடமே வேண்டாம். நடுவில் இருப்பதுதான் பிடிபடவில்லை. வயலினைவிடப் பெரிய அந்த வாத்தியம், வயோலா. அதற்கு ஏழு மாதம் ஆயிற்று. ஒரு வரியில் பிடிப்பேன், அடுத்த வரியில் முதல் வயலின் வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போய்விடும். திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையின் கையை விட்டவன் மாதிரி திரும்பத் திரும்ப முதலிலிருந்து. ஒருநாள் காலை, பல் தேய்த்துவிட்டு வந்து உட்கார்ந்து, எதையும் தேடாமல் கேட்டுக்கொண்டிருக்கும்போது வயோலா ஒரே சுரத்தில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. நான் அதைச் சுருதி என்று நினைத்து வழக்கம்போல் ஒதுக்கிவிட்டேன், சுருதியை யார் கேட்பார்கள், அது பாய் மாதிரி, அதன்மேல்தான் உட்காருவோம். ஆனால் கீழே பெரியது நகர்ந்தது, மேலே வயலின்கள் நகர்ந்தன, நகர நகர அந்த நின்ற சுரம் வேறாக மாறிற்று. அது மாறவில்லை, அதே இடம்தான். ஆனாலும் முதலில் சாந்தமாக இருந்தது, பிறகு கேள்வி கேட்பதுபோல் ஆயிற்று, பிறகு வலிப்பதுபோல் ஆயிற்று, கடைசியில் எல்லாம் அதனிடம் வந்து சேர்ந்தன. அது எதுவுமே செய்யவில்லை. அந்த இடத்தை விடாமல் இருந்ததைத் தவிர. நான் ஹெட்போனோடு எழுந்து நின்றுவிட்டேன். கொசு என்று சொன்னேனே, கொசு என்று சொன்னேனே என்று வாய்விட்டுச் சொன்னேன். வேலைக்கு வருகிற அம்மா எட்டிப் பார்த்து, "கொசுவத்தி வாங்கணுமா சார்?" என்றாள்.

இந்தக் கேசட்டை ஹெப்சி போன வருஷமே ஒரு கடையில் கொடுத்து போனில் கேட்கிற மாதிரி மாற்றி வாங்கினாள். கடைக்காரர் பெருமையாக, "இரைச்சல் பூரா தூக்கிட்டேன் சார், இப்ப கண்ணாடி மாதிரி இருக்கும், கேட்டுப் பாருங்க," என்றார். கண்ணாடி மாதிரிதான் இருந்தது. முதல் இரண்டு சரணங்களிலும் சொதசொதவென்று எல்லோரும் இருந்தார்கள், மூன்றாவதில் ரோசலின் அக்கா தனியாக, துல்லியமாக. ஆனால் கேட்கக் கேட்க எனக்கு என்னவோ போல் இருந்தது. சாமான் எல்லாம் எடுத்த வீட்டில் நின்று பேசினால் குரல் ஒரு மாதிரி வருமே, அப்படி. இரைச்சலோடு சேர்த்து வேறு எதையாவது எடுத்துவிட்டாரோ. அவரைக் குறை சொல்ல முடியாது. நானும் அந்த வேலைதான் பார்த்தேன், லைனில் ஒரே மாதிரி முனகிக்கொண்டு ஏதாவது இருந்தால் அதைப் பிடித்து எடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆகவே அசலைக் கேட்க வேண்டும். பரண்மேலிருந்து டேப் ரிக்கார்டரை இறக்கினேன், பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டிக்கிடந்தது, சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது போட்டேன். அதோடு ஒரு கவரில் அவளுடைய பாட்டுத் தாளும், அதன் மடிப்புக்குள் ஒரு குட்டைப் பென்சிலும் கிடைத்தன. பாடகர் குழுவில் கோடுபோட்ட நொட்டேஷன் யாருக்கும் தெரியாது, டோ ரே மீ ஃபா ஸோவின் முதல் எழுத்துகளை ஆங்கிலத்தில் எழுதிவைத்துப் படிப்பார்கள். தாளின் முன்பக்கத்தில் முதல் இரண்டு சரணத்துக்கும் எழுத்தும் அடியில் வார்த்தையும். பின்பக்கத்தில் மூன்றாம் சரணம், எஸ் எஸ் எஸ் எஸ் என்று வரி முழுக்க ஒரே எழுத்து, அடியில் வார்த்தைகளே இல்லை, எழுதப் பாதியில் விட்டுவிட்டாள் போலிருக்கிறது. பென்சிலால் இரண்டு இடத்தில் மட்டும் டிக் அடித்திருக்கிறாள். மூன்றாம் சரணம் ரோசலின் அக்கா மட்டும் ஆர்கனோடு பாடியது, அதற்கு இவளுக்கு எதற்குத் தாள் என்று எனக்குப் புரியவில்லை. இப்போதும் அந்தத் தாள் மேஜைமேல் இருக்கிறது.

நின்றுவிட்டது. மோட்டார் நின்றுவிட்டது. எவ்வளவு அமைதி, இவ்வளவு நேரம் அந்தச் சத்தம் இருந்தது என்பதே நின்ற பிறகுதான் தெரிகிறது. எண் காட்டுகிற மூன்று சக்கரத்தையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். அமுக்கு. அமுக்க வேண்டியதுதான்.  விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு அமுக்கினேன்.

முதலில் பெஞ்சுகள் இழுபடுகிற சத்தம், இருமல், யாருடைய குழந்தையோ. பிறகு ஆர்கன், அதன் அடியில் மிதிகட்டையின் கிறீச், கிறீச், எண்ணெய் போடாத கிறீச். நாடா சுற்றுகிறது, விழுங்கவில்லை. பாட ஆரம்பித்துவிட்டார்கள். அதோடு டக், டக், டக் என்று சுத்தியலால் அடிக்கிற சத்தம். நான்தான். டேப் ரிக்கார்டரின் மேல் விரலால் தாளம் போட்டிருக்கிறேன், நான் என் ஊர் ஆலயத்தில் தொடையில் போட்ட அதே தாளம், மைக்கிற்கு மூன்று அங்குலம் தள்ளி. ஒவ்வொரு வரியின் முடிவிலும் அவர்கள் தாமதிக்கிறார்கள், என் டக் மட்டும் தாமதிக்காமல் முன்னால் போய் நிற்கிறது, பிறகு அவர்களுக்காகக் காத்திருக்கிறது, எரிச்சலோடு காத்திருப்பதுகூடக் கேட்கிறது. முப்பத்தாறு வயது முட்டாள். உரத்ததை விட்டுவிடு, டக்கை விட்டுவிடு, ரோசலின் அக்காவையும் விட்டுவிடு. கீழே ஆண்கள். அடிக்குரல் இருக்கிறது, அது தேவவரம் சாருடைய மைத்துனர், அதற்கு மேலே ஒன்று. நடுவில், நடுவில் என்ன இருக்கிறது, ஆர்கன் இருக்கிறது, ஆர்கன் எல்லாக் குரலையும் சேர்த்து வாசிக்கிறது, அவளும் ஆர்கனும் ஒரே சுரத்தில் போனால் நான் எப்படிப் பிரிப்பேன். டக். ஒரு கணம் ஏதோ ஒன்று வந்தது, டக் அதன்மேல் விழுந்தது. முதல் சரணம் போய்விட்டது. இரண்டாவதில் இன்னும் மோசம், பக்கத்தில் இருந்தவர்கள் சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டார்கள், ஒரு தாத்தா கட்டைக்குரலில் ரோசலின் அக்காவின் பாட்டையே பாடுகிறார். ஹெப்சியின் குரல், ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு உரக்கப் பேசுகிற நாலு வயதுக் குரல், "அம்மா எங்கப்பா?" என் குரல், "தூணுக்கு அந்தப் பக்கம்." எங்கே என்று எல்லோரும் என்னைத்தான் கேட்டிருக்கிறார்கள். டக், டக். "தட்டாதப்பா," என்கிறாள் ஹெப்சி. அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டது நினைவிருக்கிறது, அந்த உள்ளங்கையின் சூடு, அச்சுமுறுக்கு கிடைக்கும் என்று சொல்லி உட்காரவைத்திருந்தேன். டக் நின்றது. இரண்டாவது சரணம் முடிந்தது. அவள் இல்லை. இருந்தாள், எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டரை வருஷம் கேட்கப் பழகியும் கிடைக்கவில்லை. இனி மூன்றாவதுதான், அதில் அவள் கிடையாது.

நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். ஓடி முடியட்டும், நடுவில் நிறுத்தினால் நாடா சிக்கிக்கொள்ளும். ரோசலின் அக்கா தனியாக மலைமேல் விடியல் என்று தொடங்குகிறாள், எவ்வளவு நல்ல குரல், அவளும் இப்போது இல்லை. அவளுக்கு அடியில் ஆர்கன் மெல்ல ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கடைக்காரர் தூக்கியது இதைத்தான். இரைச்சல் என்று நினைத்திருக்கிறார். பாவம், ஒரே மாதிரி இருந்தால் அப்படித்தான் நினைக்கத் தோன்றும். நன்றாக மிதிக்கிறார் தேவவரம் சார். கிறீச் எங்கே. மிதிகட்டையின் கிறீச் கேட்கவில்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கிறீச் இல்லை. மிதிக்காமல் ஆர்கன் எப்படி வாசிக்கும், மிதிப்பதை விட்டால் மூன்று நொடியில் காற்று தீர்ந்துவிடும். அவர் எழுந்து நின்றிருக்கிறார். எழுந்து நின்று கையால் நடத்துகிறார், நான் தூணுக்குப் பின்னால் இருந்தேன், எனக்கு எப்படித் தெரியும். இது ஆர்கன் இல்லை. அடியில் ஆண்கள் இருவர் வாய் மூடி முனகுகிறார்கள், ஒவ்வொரு படியாக நகர்கிறார்கள், இரண்டு பேரும் நகர்கிறார்கள், நடுவில் ஒன்று நகராமல் நிற்கிறது. எஸ் எஸ் எஸ் எஸ். வார்த்தை இல்லாத வரி. அவள் பாதியில் விடவில்லை, அங்கே பாட வார்த்தையே கிடையாது. மூச்சு விடக்கூட இடமில்ல தெரியுமா. தாளைக் கையில் எடுத்தேன், விரல் முதல் டிக்குக்கு முன்னால் இருந்தது. ரோசலின் அக்கா மறுபடியும் விடியல் என்கிற வார்த்தையில் இருக்கிறாள், விடி என்று சொல்லிவிட்டாள், யல் வரவில்லை, அந்த இடத்தில் நடுச் சுரம் அறுந்தது. கண் இமைக்கிற நேரம். நாடாவில் ஒரு புள்ளி என்று எத்தனை தடவை நினைத்திருப்பேன். உடனே திரும்பி வந்தது, ஒரு மயிரிழை தாழ்வாக வந்தது, தாழ்ந்ததைத் தெரிந்துகொண்டது, மெல்ல ஏறித் தன் இடத்துக்கு வந்து நின்றது. அவளுக்குப் பயமாக இருந்திருக்கிறது. ஆர்கன் மூச்சு விடாது, ஆர்கன் பயப்படாது. கீழே ஆண்கள் இன்னும் ஒரு படி இறங்கினார்கள், அவள் இறங்கவில்லை, ரோசலின் அக்கா மேலே மேலே போனாள், கூரைக்குப் போனாள், அவளை அந்தரத்தில் தொங்கவிடாமல் கீழே ஒருத்தி தனியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள், நெற்றி வேர்க்க, வெள்ளைச் சேலையில், பக்கத்து இடம் காலியாக. இரண்டாவது டிக். இரண்டாவது தடவை அறுந்தது. இந்தத் தடவை தாழாமல் வந்தது, நேராக வந்து அதே இடத்தில் நின்றது. சபாஷ் என்றேன். எண் சக்கரங்களைப் பார்த்தேன், பூஜ்யம், ஏழு, மூன்று.

கடைசி வரியில் அந்தச் சுரம் ஒரே ஒரு படி கீழே இறங்கியது, எல்லோரும் அதன்மேல் வந்து அமர்ந்தார்கள், பாட்டு முடிந்தது. ஆலயத்தில் கை தட்டமாட்டார்கள், பெஞ்சுகள்தான் முனகின. வழக்கமாக இந்த இடத்தில் நிறுத்திவிடுவேன், அடுத்து என்ன வருகிறது என்று தெரியும், கேட்கப் பிடிக்காது. இன்று நிறுத்தவில்லை. முப்பத்தாறு வயதுக்காரன் மைக்கிற்குப் பக்கத்தில், பெருமை தாங்காமல், "பாத்தியா ஹெப்சி, அம்மா எப்படிப் பாடுனா, கூரையத் தொட்டுட்டா," என்றான். சொல்லட்டும், பாவம். "பசிக்கிப்பா," என்றாள் ஹெப்சி. பிறகு ஒன்றுமில்லை, நாடாவின் உஸ் மட்டும். நிறுத்தினேன். பின்னால் சுற்றவில்லை. இன்னொரு தடவை கேட்க வேண்டும்போல் இருந்தது, கேட்கவில்லை, இன்னும் கொஞ்சம் தூள் உதிரும். கேசட்டின் அட்டையை உருவினேன், அவள் கையெழுத்தில் கேரல் 89 என்று இருந்தது. அவளுடைய தாளுக்குள் இருந்த அந்தக் குட்டைப் பென்சிலாலேயே பக்கத்தில் 073 என்று எழுதினேன், மூன்றின் வால் சரியாக வரவில்லை, மறுபடி அழுத்தி எழுதினேன். ஃபிரிட்ஜை மறுபடி போட வேண்டும். போடலாம், அதற்கென்ன அவசரம். எங்க என்று கேட்டாயே.

"ஏட்டி, எழுபத்து மூணுல இருக்க," என்றேன்.